தலைவனில்லாத ஊர்வலம்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இத்தகைய மேடையில் ஏறுபவர் ஒற்றுமையைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசிவிட்டு இறங்குவதே வழக்கம். ஆனால், உங்கள் காரியதரிசி என் வீட்டுக்கு வந்தபோது, “ஐயா, விஞ்ஞானத்தில் ஏதாவது சொல்லுங்கள், மற்றவையெல்லாம் எங்களுக்குப் பாடமாகிவிட்டன” என்றார். விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆகவே, கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிற்றுயிரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதைப்பற்றி நான் வகுப்பில் பல்லாண்டுகளாகத் தவறாகக் கற்பித்துவந்த ஒரு விஷயமும் உண்டு. அதையும் இன்று உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று எண்ணுகிறேன்.

அந்த உயிரின் பெயர் டிக்டியோஸ்ரீலியம் டிஸ்கோயிடியம். பெயர் வாயில் நுழையாவிட்டால் கவலை வேண்டாம். ஆளைப் பழகிக்கொண்டால் போதும். காட்டிலே மரங்களின் கீழ் உதிர்ந்து மட்கிய இலைகளுக்கிடையே, ஈர மண்ணில் இது வாழ்கிறது. ஒரே ஒரு கலமே அதன் முழு உடம்பு. நீளம் ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு. நம் பாடப்புத்தகங்களில் உள்ள அமீபாவைப் போலவே உடம்பின் ஒரு பக்கத்தைக் கால்போல நீட்டி, மறுபக்கத்தை இழுத்துக்கொண்டு ஊர்ந்து செல்லும். பற்றீரியாக்களே அதன் உணவு. அவை கசியவிடும் போலிக் அமிலத்தின் வாடையைப் பிடித்துக்கொண்டே தேடிப்போய் விழுங்கும். வயிறு நிறைந்தால் இரண்டாகப் பிரியும். அயலில் இருப்பவன் உறவா பிறத்தியா என்ற விசாரணையெல்லாம் அப்போது கிடையாது. அவரவர் சாப்பாடு அவரவருக்கு.

உணவு தீர்ந்தபின் நடப்பதுதான் அதிசயம். பசி தொடங்கிச் சில மணி நேரத்துக்குள், இதுவரை தனித்தனியே திரிந்த அமீபாக்கள் ஒரு திசை நோக்கித் திரும்புகின்றன. ஒன்றன் வாலைத் தொட்டுக்கொண்டு ஒன்றாக வரிசை கட்டுகின்றன. வரிசைகள் சேர்ந்து சிற்றாறுகள்போலாகி ஓரிடத்தில் வந்து குவிகின்றன. ஒரு குவியலில் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் கலங்கள் வரை இருக்கும். குவியலின் உச்சியில் ஒரு சிறு முனை தோன்றும். முனை மேலெழுந்து விரல்போல் நிற்கும். பின் சரிந்து விழும். விழுந்ததும் அது ஓடில்லாத நத்தைபோல மண்ணில் ஊரத் தொடங்குகிறது! ஓரிரு மில்லிமீற்றர் நீளந்தான். ஆனால் அதற்கு முன் உண்டு, பின் உண்டு. வெளிச்சத்தை நோக்கிப் போகத் தெரியும். ஒரு சென்ரிமீற்றர் தூரத்தில் ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்கு வெப்ப வித்தியாசத்தைக்கூட அறியத் தெரியும். தக்க இடம் வந்ததும் அந்த நத்தை நின்று, நிமிர்ந்து, மெல்லிய தண்டு ஒன்றையும் அதன் உச்சியில் ஒரு துளிபோல வித்திகளின் திரளையும் ஆக்கிவிடுகிறது. பசி தொடங்கியதிலிருந்து இதுவரை சுமார் 24 மணி நேரம்.

இதற்குச் சளிப்பூஞ்சணம் என்று பெயரிட்டுவிட்டார்கள். சளி உண்டு, பூஞ்சணம் என்பது சரியில்லை. இது அமீபா இனத்தைச் சேர்ந்ததேயன்றிப் பங்கசு அன்று. பழைய பெயர் ஒட்டிக்கொண்டால் உரிப்பது கடினம்.

இவ்வினத்தை முதலிற் கண்டவர் ஒஸ்கார் பிரெபெல்ட் என்ற ஜெர்மானியர். 1869 ஆம் ஆண்டில், குதிரைச் சாணத்தில் இதன் உறவினம் ஒன்றைக் கண்டார். கலங்கள் எல்லாம் கரைந்து ஒன்றாகிவிடுகின்றன என்று அவர் கருதினார். 1880 இல் பிரான்சு தேசத்து வான் ரீகெம் அதை மறுத்து, ஒவ்வொரு கலமும் கடைசிவரை தன் எல்லையைக் காத்துக்கொண்டே சேருகிறது என்று காட்டினார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவை கரைந்துவிட்டால் கேள்வியே இல்லை. கரையாமல், தனித்தனி ஆட்களாக இருந்துகொண்டே ஒரு உடம்பாக நடப்பதால்தான் இத்தனை கேள்வி. நான் சொல்லும் டிஸ்கோயிடியம் இனத்தை, அமெரிக்காவில் வட கரோலினா மலைக்காட்டின் மட்கிய இலைகளிலிருந்து எடுத்து, 1935 இல் உலகுக்கு அறிவித்தவர் கெனத் ரேப்பர்.

சரி, அவற்றைக் கூப்பிடுவது எது? 1947 இல் ஜோன் பொனர் ஒரு எளிய பரிசோதனை செய்தார். கூடிக்கொண்டிருக்கும் அமீபாக்களை நீரினடியில் வைத்து, அந்த நீரை ஒரு பக்கமாக மெல்ல ஓடவிட்டார். நடுவில் உள்ள குவியலுக்குக் கீழ்நீரோட்டத்தில் இருந்தவை அதை நோக்கித் திரும்பி வந்தன; மேல்நீரோட்டத்தில் இருந்தவை வழி தெரியாமல் திரிந்தன. அப்படியானால் குவியலிலிருந்து ஏதோ ஒரு பொருள் நீரில் கரைந்து வருகிறது என்பது வெளிச்சம். அதற்கு அக்ரசின் என்று பெயர் வைத்தார் பொனர். ஸ்பென்சர் என்ற ஆங்கிலக் கவிஞரின் காவியத்தில், ஆண்களை மயக்கி இழுத்து மிருகங்களாக்கும் அக்ரேசியா என்ற சூனியக்காரி ஒருத்தி வருகிறாள். அவள் பெயரைத்தான் தழுவிக்கொண்டார். விஞ்ஞானிகளுக்கு இலக்கியம் ஆகாது என்பவர்கள் இதைக் கவனிக்க.

அந்தப் பொருள் இன்னதென்று தெரிய மேலும் 20 ஆண்டுகள் சென்றன. 1967 இல் ஒல்லாந்தரான தியோ கொனைனும் பொனரும் அவர்களுடைய துணைவர்களும், அது சைக்கிளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு என்று கண்டார்கள். இது புதுப் பொருளன்று. நாம் திடுக்கிடும்போது சுரக்கும் அட்ரினலின், ஈரலில் உள்ள சர்க்கரையை எப்படி வெளியே வரச் செய்கிறது என்று ஆராய்ந்த ஏர்ல் சதர்லாந்து ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தது. அதற்காக 1971 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம் உடம்பில் கலத்துக்குள்ளேயே செய்தி சொல்லும் பொருளை, இந்த மண்ணுயிர் வெளியே துப்பி ஊரைக் கூட்டுகிறது!

இனி என் தவற்றுக்கு வருகிறேன். வகுப்பில் நான் இப்படிச் சொல்வேன்: “கூட்டத்தில் ஒரு கலம் தலைவன். தலைவனுக்கு முதலில் பசி தெரியும். அவன் கூப்பிடுவான்; மற்றவை கீழ்ப்படிந்து வரும்.” கேட்க அழகாயிருக்கும், பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள். ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “அப்ப தலைவனுக்கு ஆர் சேர் சொன்னது?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் “இருந்து பாடத்தை எழுது” என்றேன். அவன் இருந்துவிட்டான்.

அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. நான் அப்படிப் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே அதற்கு விடையும் அச்சில் வந்திருந்தது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். 1970 இல் ஈவ்லின் பொக்ஸ் கெல்லர் என்ற பெண்மணியும் லீ சீகல் என்ற கணித அறிஞரும் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். எல்லாக் கலங்களும் ஒரே மாதிரி என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் அந்தப் பொருளைக் கொஞ்சம் சுரக்கிறது. ஒவ்வொன்றும் அது கூடியிருக்கும் பக்கம் நகர்கிறது. தற்செயலாக ஓரிடத்தில் நாலு கலங்கள் கூடுதலாய் நின்றால், அங்கே பொருளும் கூடும்; பொருள் கூடினால் இன்னும் கலங்கள் வரும்; வந்தால் பொருள் இன்னும் கூடும். பசி வந்து கலங்களின் சுரப்பும் உணர்வும் ஒரு மட்டத்தைத் தாண்டியதும், பரந்து கிடந்தவை தாமாகவே குவியத் தொடங்கிவிடும். தலைவன் என்று ஒருவன் வேண்டியதில்லை. இந்தக் கணக்கை ஏற்கப் பலருக்கு மனம் வரவில்லை என்று கெல்லர் பின்னர் எழுதியிருக்கிறார். எங்கும் ஒரு அதிகாரியைத் தேடுவது மனிதருடைய பழக்கம், எனக்கும் இருந்தது.

இயற்கையில் நடப்பது இந்தக் கணக்கைவிடச் சற்று நுட்பமானது. செய்தி ஒரே ஓட்டமாகப் பரவுவதில்லை, அலையலையாகப் போகிறது. ஏறக்குறைய 6 நிமிஷத்துக்கு ஒரு அலை. நம் ஊரில் ஒரு வீட்டு விஷயம் எப்படிப் பரவுகிறது? ஒருவர் ஊர் முழுவதும் நடந்து போய்ச் சொல்வதில்லை. இந்த வேலிக்கு அப்பால் ஒருவர் கேட்டு, அந்த வேலிக்கு அப்பால் சொல்கிறார். அதே ஒழுங்குதான். ஒரு கலம் பொருளை உணர்ந்ததும், தானும் சுரந்து அடுத்ததற்குக் கொடுக்கிறது. இதனாலே அலை நிமிஷத்துக்கு 300 மைக்கிரோமீற்றர் அளவில் ஓடுகிறது. கலமோ நிமிஷத்துக்குத் தன் உடம்பளவு, அதாவது 10 மைக்கிரோமீற்றர்தான் நகர்கிறது. செய்தி ஓடும் திசை வெளிப்பக்கம். ஆட்கள் நடக்கும் திசை உட்பக்கம். சொன்ன செய்தி அங்கேயே தங்கி நின்றால் அடுத்த செய்தி கேளாதல்லவா? அதற்காக அப்பொருளை அழிக்கும் நொதியம் ஒன்றையும் கலங்களே சுரந்துவிடுகின்றன.

இங்கே ஒரு சிக்கல் உண்டு; ஆராய்ச்சியாளரை நெடுநாள் மண்டையுடைக்க வைத்தது. அலை ஒரு கலத்தை நெருங்கும்போது, நடுப்பக்கத்தில் பொருள் கூடுதல். கலம் அப்பக்கம் திரும்புகிறது. நல்லது. ஆனால் அலை கலத்தைக் கடந்து போனபின், இப்போது பொருள் கூடியிருப்பது வெளிப்பக்கத்தில். அப்படியானால் கலம் திரும்பி வெளியே ஓடவேண்டாமா? ஓடினால், முன்னே வைத்த அடியையெல்லாம் பின்னே வைத்துத் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். உண்மையில் ஓடுவதில்லை. ஏனெனில் கலம் பொருளின் ஏற்றத்தைத்தான் கவனிக்கிறது, இறக்கத்துக்குச் செவிடாகிவிடுகிறது. இருட்டறைக்குள் போகும்போது விளக்கைக் கவனிக்கிறோம். சிறிது நேரம் சென்றால் விளக்கு இருப்பதே நினைவில் இராது. அதுபோல, மேலிருக்கும் உணர்வு வாங்கிகள் சற்றுநேரம் பழகி ஓய்ந்துவிடுகின்றன. அலை முழுதும் கடந்தபின் மறுபடி விழிக்கின்றன. கலத்தின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையே பொருளின் அளவில் நூற்றுக்கு இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலும் அது திசையைக் கண்டுகொள்ளும் என்று அளந்திருக்கிறார்கள். கூடிய பக்கத்தில் அக்ரின் என்ற புரத இழைகள் முளைத்துக் காலை நீட்டுகின்றன. பின்பக்கத்தில் மயோசின் என்ற புரதம் சுருக்கி இழுக்கிறது. நம் தசைகள் சுருங்குவதும் இவ்விரண்டு புரதங்களாலேயே.

இந்த அலைகள் நுணுக்குக்காட்டியில் இருண்ட பின்னணியில் கண்ணுக்கே தெரியும். நகரும் கலம் நீண்டிருக்கும், நிற்பது உருண்டிருக்கும். இரண்டும் ஒளியைச் சிதறுவது வேறுவேறு. குளத்திற் கல் எறிந்தாற்போல வட்ட வட்டமாகப் போகும் அலைகளும் உண்டு. சங்கின் சுழிபோலச் சுற்றிச் சுற்றி வரும் அலைகளும் உண்டு. வட்ட அலையின் நடுவிலாவது முதலிற் துடித்த சில கலங்கள் இருக்கின்றன. சுழி அலையின் நடுவிலோ துடித்துத் தொடக்கி வைப்பவர் யாருமே இல்லை. அலை தன் வாலையே துரத்திக்கொண்டு சுற்றுகிறது. அதன் அழைப்புக்கு ஆயிரக்கணக்கானவை வந்து கூடுகின்றன. அந்தப் பையனுக்கு நான் அன்று இந்தப் படத்தைக் காட்டியிருக்கலாம்.

இதுவரை கூடிய கதை. இனி, கூடியவை என்ன ஆகின்றன? நத்தை உருவில் ஊரும் அந்தத் திரளிலே முன்பக்கத்து ஐந்தில் ஒரு பங்குக் கலங்கள் தண்டாகப் போகின்றன. பின்பக்கத்து நான்கு பங்கும் வித்திகளாகப் போகின்றன. இதைக் கண்டு காட்டியவரும் ரேப்பரே, ஆண்டு 1940. அவர் செய்த விதம் மிக அழகு. சிவப்பு நிறமுள்ள ஒருவகைப் பற்றீரியாவைத் தின்னக் கொடுத்துச் சில நத்தைகளைச் சிவப்பாக்கினார். பிறகு சிவப்பு நத்தையின் முனையை அறுத்து, நிறமில்லாத நத்தையின் உடம்பில் ஒட்டினார். முடிவிலே தண்டு சிவப்பு, வித்திகள் நிறமற்றவை! ஒரு மில்லிமீற்றர் உடம்பில் இந்த அறுவைச் சிகிச்சையைச் செய்தவருடைய கை எத்தகைய கை! இன்னொரு முனையை உடம்பின் பக்கத்தில் ஒட்டியபோது, அது தன் பின்னே ஒரு பகுதியை இழுத்துக்கொண்டு தனி நத்தையாகவே பிரிந்து போயிற்று.

இதைப் பார்த்தவர் என்ன நினைப்பார்? முன்னே நின்றால் தண்டு, பின்னே நின்றால் வித்தி. நின்ற இடமே ஆளை ஆக்குகிறது என்றுதானே? நானும் அப்படியே கற்பித்தேன். பின்வந்த ஆராய்ச்சி காட்டியது வேறு. நத்தை ஆகுமுன், வெறுங்குவியலாய் இருக்கும்போதே, தண்டாகப் போகும் கலங்களும் வித்தியாகப் போகும் கலங்களும் உப்பும் மிளகும் கலந்தாற்போல எங்கும் விரவிக் கிடக்கின்றன. அதன் பின்னரே தண்டுக் கலங்கள் மற்றவற்றை விலக்கிக்கொண்டு உச்சிக்கு நகர்ந்து சேர்கின்றன. சுளகிலே புடைக்கும்போது அரிசி ஒரு பக்கமும் உமி ஒரு பக்கமும் ஒதுங்குவதில்லையா? இடம் ஆளை ஆக்கவில்லை. பெரும்பாலும் ஆள்தான் இடத்தைத் தேடிப் போகிறது. கூட்டிவந்த அதே சைக்கிளிக் ஏ.எம்.பி. இங்கும் வழிகாட்டுவதாகக் காண்கிறோம். உச்சிமுனை அதைச் சுரக்க, தண்டுக் கலங்கள் விரைந்து அதை நாடுகின்றன.

அப்படியானால் இன்ன கலம் இன்னதாகும் என்பதை எது தீர்க்கிறது? சட்டென்று விதி என்று சொல்லிவிடாதீர்கள். பசி பிடித்த வேளைதான் பெரிய காரணம் என்று 1980களில் பல ஆய்வுகள் காட்டின. இரண்டாகப் பிரிந்து சிறிது நேரமே ஆன கலம் பசியில் அகப்பட்டால், தண்டுப் பக்கம் சாய்கிறது; அடுத்த பிரிவுக்கு ஆயத்தமாகி வளர்ந்து நின்ற கலம், வித்திப் பக்கம் சாய்கிறது. நல்ல சர்க்கரை உண்டு வளர்ந்தவற்றையும் இல்லாதவற்றையும் கலந்து வைத்தால், உண்டு வளர்ந்தவையே கூடுதலாக வித்திகளாகின்றன. இது 1973 இல் கண்டது. டிஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும், குளோரீன் அடங்கிய ஒரு பொருளும் உண்டு. வித்திப் பக்கத்துக் கலங்களே அதைச் சுரந்து அயலிலுள்ளவற்றைத் தண்டாகும்படி தூண்டுகின்றன. இதுதான் அதிகாரி என்று சிலகாலம் நம்பினார்கள். டிஃப் செய்யமுடியாத கலங்களை வளர்த்துப் பார்த்தால், தண்டின் அடிப்பகுதியே பெரும்பாலும் கெடுகிறது. மற்றத் தண்டு நிற்கிறது. மறுபடியும் தனியொரு அதிகாரி அகப்படவில்லை.

சாய்வுதான்; முடிவன்று. ஊரும் நத்தையைக் குறுக்கே வெட்டி, பின்துண்டைத் தனியே விட்டுப் பாருங்கள். சிறிது நேரம் திகைத்து நிற்கும். பிறகு புது முனை தோன்றும். வித்தியாகவிருந்த கலங்களிற் சில தண்டுக் கலங்களாக மாறும். சிறியதானாலும் ஒழுங்கான தண்டும் தலையும் எழும். பெரிய நத்தையோ சிறிய நத்தையோ, பங்கு ஏறத்தாழ அதே பங்கு.

கடைசி மணி நேரங்களில் நத்தை நின்று நிமிர்கிறது. முனையிலுள்ள கலங்கள் செலுலோசுக் குழாய் ஒன்றைக் கட்டி, மேலிருந்து அதனுள்ளே ஒவ்வொன்றாக இறங்குகின்றன. இறங்கியவை நீரால் ஊதிப் பருத்து, தம்மைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அங்கேயே இறந்துபோகின்றன. அவற்றின் மீது அடுத்தவை இறங்க, தண்டு உயர்கிறது. வித்தித் திரள் தூக்கப்படுகிறது. தண்டு 2 மில்லிமீற்றர் என்றால் ஒரு கலத்தின் உடம்பைப்போல் 200 மடங்கு. ஐந்தரை அடி ஆளுக்கு அது 1,100 அடி. ஒரு டசின் தென்னைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நட்டாலும் போதாது. உச்சியிலுள்ள வித்திகள் தடித்த உறைக்குள் உறங்கி, ஊர்ந்து வரும் பூச்சி புழுக்களில் ஒட்டிக்கொண்டு உணவுள்ள இடம் சேரும். தண்டாயிருந்த ஐந்தில் ஒரு பங்குக்குச் சந்ததி இல்லை.

இந்த இடத்தில் பிரசங்கம் செய்ய நாக்குத் துடிக்கும். “பாருங்கள், இளைஞர்களே, தியாகம்!” என்று சொல்லலாம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதே கூட்டத்தில் ஏமாற்றுக்காரரும் உண்டு என்பதை 2000 ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் வெளியிட்டன. காட்டிலிருந்து எடுத்த வேறுவேறு கிளைக் கலங்களை ஒன்றாகக் கலந்தபோது, அவை கூடி ஒரே நத்தையானது உண்மை. ஆனால் சில கிளைகள் தம் பங்குக்கு மேல் வித்திகளாகித் தண்டுவேலையை மற்றக் கிளைகளுக்குத் தள்ளிவிட்டன. இன்னொரு வகை, பரம்பரையலகு ஒன்று பழுதானது, தனியே விட்டால் வித்தியே ஆக இயலாதது. நல்ல கலங்களோடு சேர்த்தால், மற்றவர் முதுகில் ஏறித் தன் அளவுக்கு மிஞ்சிய வித்திகளைப் பெற்றுக்கொள்கிறது. இத்தகையவை ஏன் காட்டையே பிடித்துவிடவில்லை? காட்டு மண்ணில் ஒரு தண்டுத் தலையில் பெரும்பாலும் ஒரே கிளையினரே இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். வெளியேயுள்ள இரண்டு புரதங்களைத் தொட்டுப் பார்த்துத் தம் கிளையை இனங்காணவும் இவற்றுக்குத் தெரியும். தண்டிலே இறப்பது யாருக்காக என்று பார்த்தால், பெரும்பாலும் தன்னைப்போன்ற இன்னொன்றுக்காக. தியாகம் என்ற சொல்லை அதன்மேல் போர்த்துவதில் எனக்கு இப்போது விருப்பமில்லை. மூளையில்லாத உயிருக்கு நம் நூல்களிலுள்ள புகழையும் பழியையும் கொடுத்தால், அது என்ன செய்கிறது என்று பார்ப்பதை நிறுத்திவிடுவோம்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். 2007 இல் அந்த நத்தையினுள் மூன்றாவது வகைக் கலம் ஒன்றைக் கண்டார்கள். நூற்றுக்கு ஒன்றளவில், உடம்பெங்கும் சுற்றித் திரிந்து, உள்ளே புகுந்த பற்றீரியாக்களையும் நஞ்சையும் விழுங்கி, நத்தை விட்டுச்செல்லும் சளிப்பாதையில் தாமும் கழன்று விழுந்துவிடுகின்றன. நம் இரத்தத்து வெண்கலங்களின் வேலை. இவை தண்டிலும் இல்லை, வித்தியிலும் இல்லை. ரேப்பர் முதல் எல்லோரும் நுணுக்குக்காட்டியிற் கண்ட அந்த வழித்தடத்திலேதான் கிடந்தன. யாரும் கேட்கவில்லை.

இந்த 24 மணி நேரத்தின் படங்களை ஒரு அட்டையில் ஒட்டி வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். இடமிருந்து வலமாகப் பார்க்கவேண்டும். மூன்றாவது படத்தில் உள்ளதுதான் சுழி அலை. அதன் நடுவைச் சிறியவர்கள் நன்றாக உற்றுப் பாருங்கள். கேள்வி உள்ளவர்கள் என்னிடம் வரலாம். இம்முறை யாரையும் இருத்த மாட்டேன்.